சைகோன் போன சொல்தாக்கள்

நவம்பர் 11 அன்று தாத்தா விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை முந்தின இரவே ஆணியில் தொங்கும். பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கி, பதக்கத்தை எடுத்து வேட்டி நுனியால் துடைப்பார். நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட நாடா. முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த பெண் முகம். பின்பக்கம் ஆயுதக் குவியலின் மேல் ஒரு பூகோள உருண்டை. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு என் கையைப் பிடித்துக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போவார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் இருந்தவரைச் 'சொல்தா' என்போம். சொல்தா வீடு, சொல்தா பென்ஷன் என்று தெருவில் அடையாளமே சொல்வார்கள். காந்தி சிலையிலிருந்து சில நிமிட நடையில் அவர்களுடைய நினைவுச் சின்னம் இருக்கிறது. நான்கு தூண்கள், நடுவில் தலை கவிழ்ந்த வெண்கலச் சிப்பாய். முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுப்பி 1938இல் திறந்தார்கள். அங்கே மலர்வளையம் வைப்பார்கள், ஊதுகொம்பு ஊதுவார்கள், பிறகு பிரெஞ்சில் ஒரு பேச்சு. அதில் 'பாத்ரி' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். எட்டு வயதில் கேட்டேன்.

"பாத்ரின்னா இன்னா தாத்தா?"

"தாய்நாடு."

"நம்ம தாய்நாடா?"

அவர் பதில் சொல்லவில்லை. திரும்பும் வழியில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். அந்தக் கேள்விக்கு நானே பதில் தேட வேண்டியதாயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பியப் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய் என்ற தொழிலுக்குப் புதுச்சேரி ஒரு முக்கியமான பிறப்பிடம். 1746இல் அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சிதறடித்தது, பராதி என்ற அதிகாரியின் கீழ் நின்ற சில நூறு பிரெஞ்சுக்காரர்களும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும்தான். ஒழுங்காகச் சுடப் பழக்கினால் உள்ளூர்க் கூலிப்படையே நாடு பிடித்துத் தரும் என்பதை ஐரோப்பியர்கள் அன்று கண்டுகொண்டார்கள். அந்தப் பாடத்தை முழுசாகப் பயன்படுத்தியவர்கள் ஆங்கிலேயர்கள். 1814ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பிரான்ஸ் இந்தியாவில் கோட்டை கட்டக் கூடாது, காவல் பணிக்கு வேண்டிய ஆட்களுக்கு மேல் படை வைக்கக் கூடாது. துப்பாக்கி பிடிக்க விரும்பிய புதுச்சேரிக்காரனுக்கு ஊரில் இடம் சுருங்கிப்போனது. கடல் தாண்டினால் இருந்தது.

1859இல் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தார்கள். அங்கே வரி வசூலிக்க, சிறையைக் காக்க, தெருவில் ரோந்து போக, பிரெஞ்சு தெரிந்த நம்பகமான ஆட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் அனுப்பின. 1881 செப்டம்பரில் வந்த ஓர் ஆணை இந்தப் போக்குக்குப் பெரிய வாசலைத் திறந்தது. சாதி, மத வழக்கப்படியான தனிச் சட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்திட்டால் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம், புதிய குடும்பப் பெயரும் கிடைக்கும். அப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர்.

அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் ஐரோப்பிய பாணிச் செருப்போடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக அவரைத் தடுத்தார்கள். அவர் பாரீஸ் வரை வழக்கை எடுத்துப் போய் வென்றார். பிறகு 'லப்போர்த்', அதாவது வாசல், என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்த வாசல் வழியாக நுழைந்தவர்களில் என் தாத்தாவின் தகப்பனாரும் ஒருவர். மேல்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தவர் அவர். அவருடைய பிள்ளை சைகோனில் பூட்ஸ் போட்டு நடந்தார், ஐரோப்பியருக்கு உள்ள உரிமைகளைக் கேட்டு வாங்கினார். இதைச் சிறிய விஷயம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். தாத்தா சீருடை போட்டதற்குக் காரணம் பிரான்ஸ் மேல் பிடித்த மோகம் அல்ல. நம் ஊர்த் தெரு அவருக்குக் கொடுக்காத நிமிர்வு அந்தச் சீருடையில் இருந்தது.

ஆனால் அந்தச் சீருடைக்கு இன்னொருவன் விலை கொடுத்தான்.

1945 மார்ச் 9 இரவு ஜப்பானியர்கள் இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்து அதன் படைவீரர்களை அடைத்துவைத்தார்கள். தாத்தாவும் அடைபட்டார். அந்த ஆண்டு வடக்கு வியட்நாமில் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். ஜப்பான் சரணடைந்தபின், செப்டம்பர் 2ஆம் தேதி ஹனோயில் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தார். அதே மாதம் ஜெனரல் கிரேசியின் தலைமையில் 20ஆவது இந்திய டிவிஷன் சைகோனுக்கு வந்தது. ஜப்பானியர்களின் ஆயுதங்களை வாங்கத்தான் அனுப்பினார்கள். நடந்தது வேறு. பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி அதிகாரத்தில் உட்கார அந்தப் படை வழிசெய்தது. நம்மைப் போலவே விடுதலை கேட்கும் மக்களின்மேல் இந்தியச் சிப்பாய்களை ஏவுவதா என்று நேரு வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தச் சிப்பாய்களின் சொந்த நாட்டுக்கே அப்போது விடுதலை வரவில்லை. அவர்கள் 1946இல் கிளம்பிப் போனார்கள். சிறை மீண்ட தாத்தா, ஹோ சி மின்னின் வியத்மின் படைக்கு எதிராக மறுபடி துப்பாக்கி எடுத்தார்.

அவர் போர்க்கதை சொன்னவரில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார், அதுவும் நானாகக் கேட்டு வாங்கியது அல்ல. வீட்டில் சோறு அடிப்பிடித்தால் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்குப் போய்விடுவார். தீய்ந்த வாடை போன பிறகுதான் உள்ளே வருவார். பாட்டியின் கைப்பக்குவத்தின் மேல் கோபம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் திண்ணையில் அவராகவே சொன்னார்.

"மேக்கோங் பக்கம் ஒரு ஊருடா. நடவு நட்டு முடிச்சிருந்தாங்க. வியத்மினுக்குச் சோறு போடுற ஊருன்னு நெல்லுக் குதிரைக் கொளுத்தச் சொன்னாங்க. கொளுத்தினோம். நெல்லு எரிஞ்சா மொதல்ல பொரி வாசனைதான் வரும். அப்புறந்தான் தீய்ஞ்ச வாசனை. ஒரு கெழவி கையால அள்ளி அள்ளி வெளிய போட்டா. நம்ம பாகூர்க்காரி மாதிரியே இருந்தா."

பாகூர் எங்கள் பாட்டி பிறந்த ஊர், நெல் விளையும் ஊர். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிரெஞ்சுக் கட்டாய ராணுவ சேவையில் சேர்ந்த இளைஞர்களை இந்தோசீனப் போருக்கு அனுப்பவில்லை. சம்பளப் படையினர், அயல்நாட்டுப் பட்டாளம், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, மேற்கு ஆப்பிரிக்கப் படைகள், வியட்நாமியர்களையே சேர்த்த படைகள் என்று இவர்களை வைத்துத்தான் எட்டு ஆண்டுகள் ஓட்டினார்கள். அடிமைப்பட்ட ஒருவனை இன்னோர் அடிமைப்பட்டவனோடு மோதவிட்ட போர் அது. அதையும் 'சுதந்திர உலகைக் காக்கும் போர்' என்றுதான் சொன்னார்கள்.

அப்படியானால் புதுச்சேரியின் சுதந்திரத்தை யார் காத்தார்கள்?

தாத்தாவுக்கு ஒரு தம்பி. எங்களுக்குச் சின்னத் தாத்தா. அவர் கப்பல் ஏறவில்லை, பஞ்சாலையில் வேலைக்குப் போனார். 1936 ஜூலை 30 அன்று வேலைநேரக் குறைப்பும் சங்க உரிமையும் கேட்டு நின்ற தொழிலாளர்களைச் சவானா ஆலையில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிகள் சுட்டன. 12 பேர் செத்தார்கள். சின்னத் தாத்தாவின் கெண்டைக்காலில் ஒரு குண்டு தைத்த வடு இருந்தது. சிறுவயதில் அதில் விரலை வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறேன், உள்ளே குழியும். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா போன்றவர்கள் தொடர்ந்து நடத்திய போராட்டத்தின் பயனாக 1937இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. சைகோன் தெருக்களில் அண்ணன் எந்தக் கொடியின் கீழ் காவல் நின்றாரோ, அந்தக் கொடியின் கீழ்தான் தம்பி சுடப்பட்டார். எங்கள் வீட்டுக்குள் வைத்து இந்தக் கேள்வியைப் பார்ப்பவன் நான். அந்நிய மண்ணில் போரிடும் சிப்பாய் தன் வீட்டின் விடுதலையைக் காக்கிறான் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கெண்டைக்கால்தான் நினைவுக்கு வரும்.

1954ஐ நாள்வாரியாக வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மே 7 அன்று, 56 நாள் முற்றுகைக்குப் பின் வியட்நாமில் பிரெஞ்சுப் படைமுகாமான தியன் பியன் பூ விழுந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். அந்த அதிர்ச்சியில் பாரீஸில் அரசு கவிழ்ந்தது. போரை முடிப்பேன் என்று வாக்களித்து மெந்தேஸ் பிரான்ஸ் ஜூன் மாதம் பிரதமரானார். ஜூலையில் ஜெனீவா உடன்பாடு. இங்கே ஜூன் மாதம் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயின. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

இந்த ஊர் மக்கள் பல ஆண்டுகள் போராடிக் கதவைத் தட்டியிராவிட்டால் அது திறந்திருக்காது. ஆனால் அந்த ஆண்டிலேயே அது திறந்ததற்கு வியட்நாமில் பிரான்ஸ் தோற்றது பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். தாத்தாவின் படை வென்றிருந்தால் எங்கள் ஊரின் விடுதலை தள்ளித்தான் போயிருக்கும். அவர் தோற்ற போர் அவருடைய ஊருக்கு உதவியது.

அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. பிரான்சுக்காக இந்தோசீனாவில் போரிட்டுத் திரும்பிய அல்ஜீரியர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். அதற்கு முன்பே அவர்கள் பாடம் கற்றிருந்தார்கள். 1945 மே 8, ஹிட்லர் வீழ்ந்த கொண்டாட்ட நாளில், செத்தீஃப் நகரில் தங்கள் கொடியை ஏந்திய அல்ஜீரியர்கள்மேல் தாக்குதல் தொடங்கியது. அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 1944 டிசம்பர் 1 அன்று, ஜெர்மானியச் சிறையிலிருந்து மீண்ட மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் செனகலின் தியாரோய் முகாமில் தங்கள் சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். அவர்களைப் பிரெஞ்சுப் படையே சுட்டது.

ஹிட்லருக்கு எதிரான போரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சேர்க்க மாட்டேன். 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்தியா டி கோல் பக்கம் நின்றது. இங்கிருந்து போய் அவர் படையில் சேர்ந்தவர்கள் ஒரு கொடுங்கோன்மையை வீழ்த்தத் தோள் கொடுத்தார்கள். உலகம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் மீட்டுக் கொடுத்தது பிரான்சின் விடுதலையை. அதிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு பங்கு தானாக வந்து சேரவில்லை. அதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இங்கே ஊர்வலம் போக வேண்டியிருந்தது, அடி வாங்க வேண்டியிருந்தது.

1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியபோது ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம், மற்றவர்கள் இந்தியர். தாத்தா எழுதிக் கொடுத்தார். வயதுவந்த என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாடு. தாத்தாவைத் துரோகி என்று தெருவில் சிலர் சொன்னார்கள். சின்னத் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. "அவன் வேல பாத்த எடத்துல கூலி வாங்குறான், ஒனக்கின்னா" என்று சண்டைக்குப் போவார்.

நானும் தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் துணிச்சல் இருந்தது, வாக்குக் கொடுத்தால் நிற்கும் நேர்மை இருந்தது. மறுப்பதெல்லாம் அவர்மேல் ஏற்றிவைத்த அந்த ஒரு சொல்லைத்தான். சம்பளத்துக்கும் மரியாதைக்கும் போனவனைப் 'பாத்ரிக்காகப் போனான்' என்று கல்லில் வெட்டும்போது, அவனை அனுப்பியவர்கள் தங்கள் கணக்கை மூடிவிடுகிறார்கள். எரிந்த குதிரும் அதோடு மூடப்படுகிறது. எந்த நாட்டு அரசு தன் பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பினாலும், அங்கே யாருடைய நெல் எரியப்போகிறது, இங்கே யாருடைய உரிமை அதனால் வளரப்போகிறது என்று கேட்டாக வேண்டும். சிப்பாயை மதிக்கும் வழி அதுதான்.

சின்னத் தாத்தா இறந்த அடுத்த ஜூலை 30 அன்று, ஆலைத் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தும் இடத்துக்குத் தாத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை அவர் அங்கே போனதில்லை. விடியலிலேயே எழுந்தார், அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பிஸ்கட் டின்னை நான் பரணிலிருந்து இறக்கப் போனேன். "அது வேணாம், இருக்கட்டும்" என்றார். செங்கொடிகளுக்குப் பின்னால், கூட்டத்தின் கடைசி வரிசையில், செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிவரை நின்றார்.