யானைக்கு எதற்கு வாக்கிங்?

எங்கள் பொம்மையார்பாளையத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி. சின்ன வயதில் மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போவது என்றால் எங்களுக்கு சாமி இரண்டாவதுதான், வாசலில் நிற்கும் யானை லட்சுமிதான் முதலில். கையில் ஒரு வாழைப்பழம், ஒரு காசு. பழம் வாய்க்குப் போகும், காசு பாகனுக்குப் போகும், தும்பிக்கை நம் தலைக்கு வரும்.

2022 நவம்பர் 30 காலையில் நடைப்பயிற்சிக்குப் போன லட்சுமி தெருவிலேயே சரிந்து விழுந்து இறந்துபோனது. மாரடைப்பு என்றார்கள். துணைநிலை ஆளுநர், முதல்வர் தொடங்கி ஊரே திரண்டு வந்து அழுதது. எடைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் செய்தியில் இருந்த 'நடைப்பயிற்சி' என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. யானைக்கு எதற்கு வாக்கிங்? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

காட்டு யானை ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் தின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் இருக்கும். ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தழை, புல், பட்டை உள்ளே போகும். தின்பதில் பாதிகூட செரிக்காது. சத்தியமங்கலம் பக்கத்துக் காடுகளில் 1980களின் தொடக்கத்தில் ஆராய்ச்சி செய்த ராமன் சுகுமார், யானைகள் 112 வகைத் தாவரங்களைத் தின்பதாகக் கணக்கெடுத்தார். கோயில் யானைக்குக் கிடைப்பது என்ன? சோற்றுக் கவளம், வெல்லம், தேங்காய், வாழைப்பழம், பொங்கல். நிற்பது கருங்கல் அல்லது சிமெண்ட் தரையில், சங்கிலியோடு. எடை ஏறாமல் என்ன செய்யும்? ஏறிய எடை முழுவதும் பாதத்திலும் மூட்டிலும்தான் இறங்குகிறது.

கவளம் கொடுக்கும் வழக்கம் புதிதல்ல. புறநானூறு 184இல் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையைச் சொல்லும்போது, கவளம் தின்னும் யானையைத்தான் உவமையாக எடுத்துக்கொள்கிறார். சின்ன வயலின் நெல்லே அறுத்துக் கொடுத்தால் பல நாளுக்கு வரும், யானையை வயலில் இறங்க விட்டால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம் என்பது அவர் வாதம். பாட்டு அரசனுக்கு. ஆனால் அளந்து போடுவது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

இன்னும் ஆச்சரியம் அர்த்தசாஸ்திரம். யானையின் உயரத்தை முழத்தால் அளந்து அரிசி, எண்ணெய், நெய், உப்பு, புல் எவ்வளவு என்று ரேஷன் போடுகிறது. எட்டு முழ யானையாக இருந்தாலும் ஏழு முழ யானைக்கு உள்ள அளவுதான் தீனி! உடல்வாகை ஏழு நிலையாகப் பிரித்து, அதைப் பார்த்துத்தான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. போர் யானை கொழுத்துப்போனால் ராஜாவுக்கு நஷ்டம் அல்லவா! (உப்பு என்றதும் நம் மரக்காணம் உப்பளம் ஞாபகம் வந்தது. முதுமலை தெப்பக்காட்டில் இன்றும் கேழ்வரகு, கொள்ளுக் கவளத்தோடு உப்பு சேர்க்கிறார்கள்.)

அந்த ஏழு நிலையின் நவீன வடிவம் நம் ஊர் மனிதர் ஒருவரின் கைபட்டது. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' படித்தவர்களுக்கு டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைத் தெரியும். அவர் 2002இல் காலமானார். அவர் பெயரும் சேர்ந்து 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நெற்றிப்பொட்டுக் குழி, விலா, முதுகெலும்பு என்று உடலின் ஆறு இடங்களைக் கண்ணால் பார்த்து, மொத்தம் 11க்கு மதிப்பெண் போடும் முறை. எடைமேடை வேண்டாம், பார்க்கத் தெரிந்த கண் போதும்.

தமிழக அரசு 2003இல் முதுமலையில் கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் ஆரம்பித்தபோது நிறைய பேர் சிரித்தார்கள். யானைக்கு டூரா என்று கார்ட்டூன் பாணியில் கிண்டல் செய்வது எளிது. பிறகு மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில் 48 நாள் முகாமாக நடந்தது. வந்ததும் எடை, போகும்போது எடை. குண்டு யானைக்கு ஒரு உணவுப் பட்டியல், மெலிந்ததற்கு வேறு. காலையும் மாலையும் நடை, ஆற்றுக் குளியல், மண். லட்சுமியும் அங்கே போய் வந்ததுதான். லாரியில் ஏற்றி அத்தனை தூரம் கொண்டுபோவது கொடுமை என்றும் சொன்னார்கள். 2021 முகாமில் ஒரு யானையைக் கட்டி வைத்து அடிக்கும் வீடியோ வெளியாகி பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகு கோயிலிலேயே பராமரிப்பு என்று ஆகிவிட்டது. என் கணக்கில் 48 நாள் சரியாகத் தின்று, மீதி நாளெல்லாம் பொங்கல் தின்றால் என்ன பயன் என்பதுதான் பெரிய கேள்வி.

அந்த மீதி நாள்களை ஒழுங்காக நடத்த முடியும் என்று காட்டியது திருநெல்வேலி. நெல்லையப்பர் கோயில் காந்திமதி சுமார் 300 கிலோ கூடுதல் எடை என்று மருத்துவர்கள் சொல்ல, தினமும் 5 கிலோமீட்டர் நடக்க வைத்தார்கள். ஆறு மாதத்தில் 150 கிலோ குறைந்தது என்று 2022இல் செய்தி வந்தது. தார்ச்சாலையில் நடப்பதால் பாதம் நோகக் கூடாது என்று பக்தர்கள் 12,000 ரூபாய்க்கு தோல் செருப்பு செய்து போட்டார்கள். பழத்துக்குப் பதில் செருப்பு! மூட்டுவலி மட்டும் விடவில்லை. 2025 ஜனவரியில் 56 வயதில் காந்திமதி இறந்தது.

இது நம் கோயில்களின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், வட அமெரிக்க மிருகக்காட்சி சாலைகளில் பார்த்த யானைகளில் சுமார் நான்கில் மூன்று அதிக எடை. வாரத்துக்கு 14 மணி நேரமாவது பணியாளர்கள் நடத்திக் கூட்டிப்போகும் யானைகளுக்கு அந்த ஆபத்து குறைவாம். தீனி எப்போது வரும் என்று யானைக்குத் தெரியாமல் இருப்பதும் நல்லதாம். காட்டில் யாரும் மணியடித்துச் சாப்பாடு போடுவதில்லையே!

லட்சுமிக்கு நான் எத்தனை வாழைப்பழம் கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு ஒரு டஜன்கூட வராது. ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் எப்போதும் இருபது பேராவது நின்றார்கள், எல்லோர் கையிலும் ஏதாவது இருந்தது.