இருட்டில் வழி கண்டவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கெண்டக்கி என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கே பூமிக்கு மேலே கிரீன் நதி ஓடுகிறது. பூமிக்குக் கீழே மாமத் குகை ஓடுகிறது. குகை ஓடுமா என்று கேட்பீர்கள். மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, கல்லைக் கரைத்து, ஆறாகப் பாய்ந்து அறுத்த வழிதான் அந்தக் குகை. கிரீன் நதியின் படுகை தாழத் தாழ, உள்ளே ஓடிய ஆறுகளும் கீழ்த்தளத்துக்கு இறங்கின. மேல்தளங்கள் வறண்ட மண்டபங்களாக நின்றுவிட்டன. இதுவரை அளந்திருப்பதே 670 கிலோமீட்டருக்கு மேல். உலகிலேயே மிக நீளமான குகை இதுதான்.

இந்த அதிசயத்தைப் பார்க்க 1816 முதலே ஜனங்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் விளக்கேந்தி நடந்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

ஸ்டீபன் பிஷப் என்பது அவர் பெயர். 1838-ல் குகையை வாங்கிய பிராங்க்ளின் கோரின் என்பவரின் அடிமை. வழிகாட்டியாக வந்தபோது வயது சுமார் பதினேழு. ‘அடியற்ற பள்ளம்’ என்று எல்லோரும் அஞ்சித் திரும்பிய இடத்தில் அந்தப் பையன் ஏணியைக் குறுக்கே போட்டு, அதன்மேல் தவழ்ந்து அக்கரை சேர்ந்தான். அப்பால் இருந்தவை பாதாள ஆறுகள்! அவற்றிலே கண்ணில்லாத வெள்ளை மீன்கள்! பிற்காலத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் அந்த ஆறுகளில் படகேறிப் பாடி, எதிரொலி கேட்டு மகிழ்ந்தார்கள்.

மறு வருஷமே குகை கைமாறியது. ஜான் குரோகன் என்ற வைத்தியர் வாங்கினார்; குகையோடு ஸ்டீபனும் அவருக்குச் சொந்தமானார். குகைக் காற்று க்ஷயரோகத்தைக் குணப்படுத்தும் என்று நம்பிய குரோகன், 1842-ல் நோயாளிகளை உள்ளேயே குடிவைத்தார். சிலர் அங்கேயே இறந்தார்கள். மற்றவர்கள் வெளியேறினார்கள். 1849-ல் குரோகனையும் அதே க்ஷயம் கொண்டுபோயிற்று.

அதே 1842-ல் ஸ்டீபன், எஜமானின் வீட்டில் உட்கார்ந்து, நினைவிலிருந்தே குகை முழுவதையும் படமாக வரைந்தார். 1845-ல் அச்சேறிய அந்தப் படத்தில் வரைந்தவர் பெயரும் இருந்தது. அடிமைக்கு அந்நாளில் அது கிடைத்தற்கரிய மரியாதை. ஆனால், மரியாதை கிடைத்ததே ஒழிய விடுதலை கிடைக்கவில்லை! தாம் இறந்து ஏழு வருஷம் கழித்தே அடிமைகள் விடுதலை பெற வேண்டும் என்று குரோகன் உயில் எழுதியிருந்தார். பிறருக்கு அத்தனை வழி காட்டியவர், தம் வழி திறப்பதற்கு 1856 வரை காத்திருந்தார். மறு வருஷமே, நாற்பது வயதுகூட ஆகுமுன், காலமானார்.

குகையைப் பார்க்க வந்தவர்கள் மெழுகுவத்திப் புகையால் கூரையில் தங்கள் பெயரை எழுதிப்போவது அன்றைய வழக்கம். அதைப் பார்த்தே ஸ்டீபன் எழுத்துக் கற்றார் என்பார்கள். குரோகன் நோயாளிகளுக்குக் கட்டிய கல்வீடுகளில் இரண்டு இன்னும் உள்ளே இருக்கின்றன. ஸ்டீபன் புகையால் எழுதிய தம் பெயரும் அங்கே அழியாமல் இருக்கிறது.