தறி படிக்கும் பட்டியல்

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரையும் முந்தியும் நெய்யப்படுவதற்கு முன் இரண்டு முறை எழுதப்படுகின்றன. முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். அது கண்ணால் பார்த்துத் திருத்துவதற்கு. பிறகு அதையே அட்டைகளில் துளைகளாகக் குத்தி, வரிசை மாறாமல் கோத்து, தறிக்கு மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுகிறார்கள். அது தறி படிப்பதற்கு. துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும். இல்லாத இடத்தில் நூல் கிடந்தபடியே கிடக்கும். ஜக்கார்டு வருவதற்கு முன்பு இங்கே இருந்தது அடை முறை. அதில் உதவியாளர் நூல்களை இழுத்துக் கொடுக்க, நெசவாளர் நாடாவை ஓட்டுவார். படிப்பவர் மனிதர் என்பதால், எங்காவது பிசகினாலும் கை உணர்ந்து சரிசெய்யும். அட்டையைப் படிக்கும் பெட்டிக்கு அந்த விவேகம் கிடையாது. மனிதருக்கு எழுதுவதும் இயந்திரத்துக்கு எழுதுவதும் வேறுவேறாக இருந்தாக வேண்டும் என்பதைப் பட்டுத் தறி இப்படித்தான் நிலைநாட்டியது. கணினித் துறை இதை வெகு காலம் கழித்தே ஒப்புக்கொண்டது என்பது என் வாதம்.

அதற்குச் சான்று ஒரு சிறிய கட்டளையில் இருக்கிறது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் லினக்ஸ், தன் மென்பொருள் தொகுப்புகளை டிபிகேஜி என்ற கருவியால் நிர்வகிக்கிறது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. கணினியில் என்னென்ன தொகுப்புகள், எந்தெந்தப் பதிப்பில் உள்ளன என்று சொல்வது டிபிகேஜி-குவெரி என்ற கட்டளை. அதன் 'எல்' விருப்பம் தலைப்போடும் பத்திகளோடும் அழகான அட்டவணை தரும். ஆனால் திரையின் அகலத்துக்குள் அடங்காத பெயர்களும் பதிப்பு எண்களும் வெட்டுப்படலாம். இந்த அட்டவணை மனிதருக்கானது, இயந்திரம் எளிதில் படிக்கத் தக்கதல்ல என்று அதன் கையேடே சொல்கிறது. கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்களான ஸ்கிரிப்டுகளுக்காக இருப்பது 'டபிள்யூ' விருப்பம். அதில் தலைப்பு இல்லை, வெட்டு இல்லை. பெயர், ஒரு டேப் இடைவெளி, பதிப்பு, அவ்வளவுதான். வேறு எந்த விவரம், எந்த வடிவில் வேண்டும் என்பதையும் கேட்பவரே வகுத்துக்கொள்ளலாம். தொகுப்புகளை நிறுவுவதற்காக 2014இல் வந்த ஆப்ட் கட்டளையும் இதே வழியில் சென்றது. அதன் வெளியீட்டை ஒரு ஸ்கிரிப்ட் வாங்கிப் படித்தால், தன் கட்டளை வரி இடைமுகம் நிலையானதல்ல என்று அதுவே எச்சரிக்கும்.

திரை அகலம் என்றால் பெரும்பாலும் 80 எழுத்து. 1928இல் ஐபிஎம் வெளியிட்ட துளை அட்டையிலும் 80 பத்திகளே. பின்னால் வந்த முனையங்கள் பலவும் அந்த அளவையே எடுத்துக்கொண்டன. இதைப் பார்த்ததும், 1804இன் ஜக்கார்டு தறியிலிருந்து இன்றைய திரை வரை ஒரே வம்சாவளி எழுதிவிடத் தோன்றும். ஆனால் 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளை அட்டையைக் கொண்டுவந்த ஹெர்மன் ஹாலரித், ரயில் நடத்துநர் பயணச்சீட்டில் துளையிடுவதைக் கண்டே தனக்கு யோசனை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஆட்சேபத்தை ஏற்கலாம். வாதம் அதனால் தளராது. தொடர்பில்லாத இரண்டு தொழில்கள் ஒரே முடிவுக்கு வந்தன என்றால், அந்த முடிவுக்குக் காரணம் பரம்பரை அல்ல, வேலையின் இயல்பு.

அட்டை கட்டளையிடுகிறது, பட்டியல் வெறும் தகவல் தருகிறது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்றும் கேட்கலாம். தகவலைப் படிப்பவர் மனிதராக இருக்கும் வரைதான் இந்த வேறுபாடு. எதை நீக்குவது, எதைப் புதுப்பிப்பது என்று ஸ்கிரிப்ட் தீர்மானிப்பதே பட்டியலை வைத்துத்தான். தவறான ஒரு துளை, அந்த அட்டை திரும்பத் திரும்ப வரும்போதெல்லாம் கரையில் தவறாகவே விழும். வெட்டுப்பட்ட ஒரு பெயரும் அந்த ஸ்கிரிப்ட் ஓடும் கணினிகளில் எல்லாம் அதே பிழையைச் செய்யும். அட்டைகளே போய் மின்னணு ஜக்கார்டு வருகிறதே என்பாரும் உண்டு. அங்கும் வடிவமைப்பவர் திரையில் பார்க்கும் படம் வேறு, தறிக்குப் போகும் கோப்பு வேறு.

ஒரே வெளியீட்டை இருவருக்கும் பொதுவாக வைத்தால் வேலை மிச்சமாகாதா என்பது கடைசிக் கேள்வி. மிச்சமாகும், ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுப்பவர் மனிதர். ஸ்கிரிப்டுகள் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடிப் படிக்கின்றன என்றால், அந்தச் சொல்லை யாரும் மாற்ற முடியாது. தமிழில் பெயர்த்த மறுகணம் அவை நின்றுவிடும். இயந்திரத்துக்கென்று மாறாத வடிவம் ஒன்றை ஒதுக்கிவிட்டால், மனிதருக்கான வடிவத்தை எந்த மொழியிலும் எந்த அழகிலும் மாற்றிக்கொள்ளலாம். கட்டளை வரியிலும் தமிழைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பிரிவினையைத்தான்.