குருதி தேறியது, நித்திரை தேறவில்லை

கைக்குழந்தை இரவில் நித்திரையின்றிச் சிணுங்கினால் பசி என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள், கண்ணூறு என்றும் சொல்வார்கள். இரும்புச்சத்துக் குறைவாக இருக்குமோ என்று கேட்டவரை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. வைத்திய உலகமே அந்தக் கேள்விக்கு வந்துசேர நெடுங்காலம் எடுத்தது.

1920களில் கிழக்கு இலண்டனின் குயீன்ஸ் சிறுவர் வைத்தியசாலையில் பணியாற்றிய ஹெலன் மக்கே, ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் வெளிறிப்போயிருப்பதைக் கவனித்தார். பிறக்கும்போது உடலிலுள்ள இரும்புச் சேமிப்பு சில மாதங்களில் கரைகிறது; பாலிலோ இரும்பு மிகக் குறைவு. இரும்பை மருந்தாகக் கொடுத்ததும் குருதி தேறியது, நோய்த்தொற்றுகளும் குறைந்தன. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1931இல் அவரது அறிக்கையை வெளியிட்டது.

குருதி தேறினால் குழந்தையும் தேறியது என்பதே அக்கால நம்பிக்கை. அதை அசைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஆய்வாளர் பெற்சி லோசொவ். கைக்குழந்தைப் பருவத்தில் குருதிச்சோகை கண்டு, சிகிச்சையால் குணமான கொஸ்ரா ரிக்காச் சிறுவர்கள், ஐந்து வயதிலும் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்ததை அவரது குழுவினர் 1991இல் எழுதினர்.

அடுத்த களம் சிலியின் தலைநகர் சான்ரியாகோ. அங்கு பற்றிசியோ பெய்ரானோவும் லோசொவும் சகாக்களும் நான்கு வயதுச் சிறுவர் 55 பேரின் இரவு நித்திரையைக் கருவிகள் கொண்டு பதிவு செய்தனர். அவர்களில் 27 பேர் கைக்குழந்தைகளாக இருந்தபோது குருதிச்சோகைக்கு ஆளானவர்கள். இவர்களுக்குக் கனவுகள் மிகுந்த விழியசைவு நித்திரை வழமைக்கு முந்தியே வந்தது. இரவின் முதற் பகுதியில் நீண்டும், கடைசிப் பகுதியில் சுருங்கியும் காணப்பட்டது. குருதி சீரடைந்த பின்னரும் நித்திரையின் ஒழுங்கு மாறியே இருந்தது.

காரணத்தை ஊகிக்க முடிகிறது. டோபமைன் என்ற மூளை இரசாயனம் உருவாகவும், நரம்பிழைகளின் மேலுறை வளரவும் இரும்பு வேண்டும். அவை வேகமாக உருவாகும் மாதங்களில் நேர்ந்த பஞ்சத்தைப் பின்னர் வரும் மருந்து முழுமையாக ஈடுசெய்வதில்லை போலும்.

2007இல் இந்த ஆய்வு வெளியானபோது நான் செய்தி மேசையில் போர்ச் செய்திகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டுகள் கழித்தே இதைப் படித்தேன். தாமதமாகக் கிடைத்த செய்தியாயினும், இளம் பெற்றோர் அறியவேண்டிய செய்தி.

நித்திரை குழம்பும் குழந்தைகள் எல்லோருக்கும் இரும்புக் குறைவு என்று நான் சொல்லவரவில்லை. வைத்தியரைக் கேளாமல் இரும்பு மருந்து கொடுப்பதும் ஆபத்து. ஆனால் கர்ப்பிணித் தாயின் உணவு, பிறந்தவுடன் அவசரப்பட்டுத் தொப்புள்கொடியை இறுக்காமை, ஆறு மாதத்தின்பின் இரும்புள்ள உணவு ஆகியவை பெருஞ்செலவு கேட்பவை அல்ல. உரிய காலத்தில் செய்யவேண்டும், அவ்வளவுதான்.