குற்றம் சாட்டுபவன்

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஒரு குடும்பத்தார் தங்கள் மகளைப் பங்கு இல்லத்துக்கு அழைத்து வந்தனர். 19 வயதுப் பெண். மூன்று வாரங்களாகச் சரியான உணவில்லை, உறக்கமில்லை, திடீரென்று கூச்சலிடுகிறாள், பெற்ற தாயையே அறியாதவள் போல் வெறித்துப் பார்க்கிறாள். அந்தத் தாய் நம்மிடம் முதலில் கேட்டது செபம் அன்று. "இது யார் செய்த வேலை என்று மட்டும் சொல்லிவிடுங்கள், சாமி" என்றார். ஆனால் அவர்களிடம் ஒரு பெயர் முன்னரே ஆயத்தமாக இருந்தது. அடுத்த தெருவில் தனியே வாழும் ஒரு கைம்பெண்ணின் பெயர் அது. குருவானவரின் ஒப்புதல் ஒன்றே குறையாக இருந்தது.

பேயைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இந்த "யார்" என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. மறைநூலிலும் திருச்சபை வரலாற்றிலும் இக்கேள்வி பெற்ற இடம் எது என்று சற்று நோக்குவோம்.

சாத்தான் என்னும் சொல் எபிரேயத்தில் தொடக்கத்தில் ஒருவனுடைய பெயரன்று. எதிர்த்து நிற்பவர், வழக்கில் எதிராகப் பேசுபவர் என்பதே அதன் பொருள். பிலயாமை வழிமறித்து நின்ற ஆண்டவரின் தூதரையே எண்ணிக்கை நூல் இச்சொல்லால் குறிக்கிறது என்று குருமடத்தில் முதன்முறை கேட்டபோது நாம் திகைத்ததுண்டு. யோபு நூலில் அவன் விண்ணக அவையில் நின்று ஒரு நேர்மையாளரைப் பற்றி ஐயம் கிளப்புகிறான். செக்கரியா நூலில், அழுக்குடையோடு நிற்கும் தலைமைக் குரு யோசுவாவின் வலப்பக்கம் நின்று குற்றம் சாட்டுகிறான். ஆண்டவரோ சாட்டுபவனைக் கடிந்துகொள்கிறார். சாட்டப்பட்டவருக்குப் புத்தாடை உடுத்தச் செய்கிறார். பின்னர் எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இச்சொல்லுக்கு இட்ட கிரேக்கச் சொல்லுக்கு அவதூறு பேசுபவன் என்று பொருள். நம் ஊர் வழக்கில் சொன்னால் கோள்மூட்டி. அச்சொல்லையே நம் பொது மொழிபெயர்ப்பு அலகை என்கிறது. திருவெளிப்பாடு நூலும் அவனை, நம் சகோதரர் சகோதரிகள்மீது அல்லும் பகலும் குற்றம் சுமத்துபவன் என்றே அடையாளம் காட்டுகிறது. இதற்கு நேர் எதிராக, யோவான் நற்செய்தி தூய ஆவியாரைத் துணையாளர் என்கிறது. அதன் கிரேக்க மூலச் சொல், வழக்கில் நம் பக்கம் நின்று பேசுபவரைக் குறிப்பதாகும்.

இவ்வுண்மையைக் கதையாகவே காட்டும் நூல் தோபித்து. கத்தோலிக்கராகிய நாம் திருமுறையில் கொண்டுள்ள இந்நூலின் அரமேய, எபிரேயப் படிகளின் துண்டுகள் கும்ரான் குகையிலும் கிடைத்துள்ளன. மேதியா நாட்டு எக்பத்தானாவில் வாழ்ந்த இரகுவேலின் மகள் சாரா, ஏழு முறை மணமுடிக்கப்பட்டாள். ஏழு கணவரும் முதல் இரவிலேயே மாண்டனர். கொன்றது அசுமதேயு என்னும் பேய் என்று வாசகருக்கு ஆசிரியர் தெளிவாகவே சொல்லிவிடுகிறார். வீட்டில் உள்ளவர்களோ வேறு விதமாகப் பேசினர். கணவர்களைக் கொன்றவள் நீயே என்று ஒரு பணிப்பெண் அவள் முகத்துக்கு நேரே பழித்தாள். நீயும் அவர்களோடு போய்விடு என்றாள். அன்றுதான் சாரா மாடிக்குச் சென்று தூக்கிட்டுக்கொள்ள எண்ணினாள். முதிர்ந்த தந்தைக்கு நேரும் இழிவை நினைத்து அம்முயற்சியை விட்டு, சன்னலருகே நின்று மன்றாடினாள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஏழு சாவுகளையும் தாங்கிய பெண், ஒரு பழிச்சொல்லில் உயிர்விடத் துணிகிறாள். பேய் அவளைத் தொடவில்லை. பேயின் பேரால் எழுந்த பழியே அவளைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோயிற்று. அப்பணிப்பெண்ணின் குரலை நம் தெருக்களில் கேட்டிராதவர் நம்முள் எத்தனை பேர்?

நற்செய்திகளிலும் இதே நிலை. பேய் பிடித்தவர் என்று பழிக்கப்பட்டோரில் முதன்மையானவர்கள் திருமுழுக்கு யோவானும் நம் ஆண்டவரும். அவரோ பேய் பிடித்த எவரிடமும், என்ன பாவம் செய்தாய், யார் உனக்கு இதைச் செய்தார் என்று கேட்டதாக நாம் வாசிப்பதில்லை. கெரசேனர் பகுதியில், கல்லறைகளிடையே கற்களால் தன்னையே காயப்படுத்திக்கொண்டு திரிந்த மனிதரிடம், உன் பெயர் என்ன என்று மட்டுமே கேட்டார். நலம் பெற்றவரை அவருடைய வீட்டாரிடமே அனுப்பி வைத்தார்.

ஆயினும் ஆண்டவரைப் பின்சென்ற நாம் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. மகதலா மரியாவிடமிருந்து ஏழு பேய்கள் நீங்கின என்று மட்டுமே லூக்கா எழுதுகிறார். அவர் ஒழுக்கம் தவறியவர் என்று எங்கும் சொல்லவில்லை. 591ஆம் ஆண்டளவில் திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார் தம் மறையுரையில், ஏழு பேய்கள் என்பது தீய நாட்டங்கள் அனைத்தையும் குறிக்கும் என விளக்கி, ஆண்டவரின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்த பெயரறியாப் பாவியும் இவரும் ஒருவரே என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்; மனமாற்றத்தின் மேன்மையைக் காட்டுவதே அவர் நோக்கம். எனினும் உயிர்ப்பின் முதல் சாட்சி, மேலைத் திருச்சபையில் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் விலைமாதாகவே ஓவியங்களில் அழுதுகொண்டிருந்தார். 1969ஆம் ஆண்டு வழிபாட்டு நாள்காட்டிச் சீரமைப்பே அக்கலப்பை நீக்கியது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரது நினைவு நாளைத் திருத்தூதர்களுடையதைப் போன்ற விழாவாக உயர்த்தினார்.

இதைவிடக் கொடியது பின்னர் நிகழ்ந்தது. 906ஆம் ஆண்டையொட்டி, புரூம் மடத்தின் முன்னாள் தலைவர் ரெகினோ தொகுத்த சட்டத் தொகுப்பில் ஒரு விதி உண்டு. இரவில் விலங்குகள்மேல் ஏறித் தியானா தேவதையோடு பறப்பதாகச் சில பெண்கள் நம்புவது வெறும் கனவு மயக்கம் என்றும், அது பொய்யென்று குருக்கள் மக்களுக்குப் போதிக்க வேண்டும் என்றும் அது கூறியது. எத்துணைத் தெளிவு! அதன்பின் 600 ஆண்டுகள் கழிவதற்குள் அத்தெளிவு மங்கிற்று. 1484இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசெண்ட் வெளியிட்ட ஆணையும், ஐன்ரிக் கிராமர் என்ற தொமினிக்கன் துறவி சூனியக்காரிகளை ஒழிப்பதற்கென எழுதி 1486இல் அச்சேற்றிய நூலும் நெருப்புக்கு நெய் வார்த்தன. சீர்திருத்த சபையாரும் இதில் பின்தங்கவில்லை. ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டதாக வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

இந்த இருளில் ஒரு குருவானவர் எழுந்தார். இயேசு சபையைச் சேர்ந்த பிரெடரிக் ஸ்பே, ஒழுக்க இறையியல் பேராசிரியர், பாடல்கள் இயற்றியவர். 1631இல், தம் பெயரை மறைத்து, சூனிய வழக்குகளின் அநீதியைத் தோலுரித்து ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் காட்டும் பொறி கொடியது. பெண் கெட்ட நடத்தையுள்ளவளாயின் அதுவே சான்று. நல்ல நடத்தையுள்ளவளாயின் அது வேடம் என்பதற்குச் சான்று. அஞ்சினால் குற்றமுள்ள நெஞ்சு. அஞ்சாவிட்டால் அலகையின் துணிவு. வதைத்தால் ஒப்புக்கொள்கிறாள், ஒப்புக்கொள்ளாவிட்டால் அலகை அவள் வாயை அடைத்துவிட்டது. இத்தகைய வதைக்கு உள்ளாக்கினால் நீதிபதிகளும் குருக்களும் உட்பட நாம் அனைவருமே சூனியக்காரர் என்று ஒப்புக்கொண்டிருப்போம் என்பதே அவர் வாதம்.

முதுமைக்கு முன்னரே தலை நரைத்தது ஏன் என்று ஸ்பேயிடம் கேட்கப்பட்டதாக மெய்யியலறிஞர் லைப்னிட்ஸ் எழுதி வைத்துள்ளார். தாம் எரிகளத்துக்குத் துணைசென்ற பெண்களால் என்று அவர் விடையளித்தாராம். அவர்களுள் ஒருத்தியிடமும் அவர் குற்றம் காணவில்லை. கேட்டவர் அன்று இளைஞராயிருந்த யோகான் பிலிப் வான் ஷோன்போர்ன். அவர் பின்னர் வூர்ஸ்பர்க்கின் ஆயராகவும் மைன்ஸின் பேராயராகவும் உயர்ந்தபோது தம் ஆட்சிப் பகுதிகளில் அவ்வழக்குகளை நிறுத்தினார். ஸ்பே அதைக் காணவில்லை. 1635இல் திரியர் நகரில் நோயுற்ற போர்வீரர்களுக்குப் பணிவிடை செய்கையில் கொள்ளைநோய் தொற்றி இறந்தார்.

பேய்கள் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அலகையும் பிற பேய்களும் கடவுளால் நல்லவையாகப் படைக்கப்பட்டுத் தாமே தீயவையாயின என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் போதித்தது; அது நம் விசுவாசம். ஆனால் ஒருவர் பேய் பிடித்தவர் என்று எளிதில் நம்பலாகாது என்பதையே 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூல் குருவானவருக்குத் தலையாய எச்சரிக்கையாகத் தந்தது. ஆயரின் சிறப்பான, வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டலாகாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. பிடித்தவரை விடுவிக்கவே திருச்சபை சடங்கு வைத்திருக்கிறது. ஏவியவரைக் கண்டுபிடிக்க அதனிடம் சடங்கு எதுவும் இல்லை.

அன்று மாலை அப்பெண்ணின் தலைமீது கைவைத்துச் செபித்தோம். மறுநாள் மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அவளைக் காட்ட ஏற்பாடு செய்தோம். தாயிடம் தோபித்து மூன்றாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டி, நாம் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை என்றோம். அவர் மனநிறைவோடு செல்லவில்லை. இப்போது மகள் மாத்திரை உண்கிறாள், உறங்குகிறாள், பாடகர் குழுவுக்கும் திரும்பியிருக்கிறாள். அந்தக் கைம்பெண் சில ஞாயிறுகள் கோவிலுக்கு வராதிருந்தார். இப்போது வருகிறார். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில், கதவோரமாக அமர்கிறார். அவருக்கு இருபுறமும் இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது.