கைப்பொருள் சுருங்கியவரின் துறைமுகம்

சோழமண்டலக் கடற்கரையில் ஐரோப்பிய வர்த்தகர் அமைத்த பட்டினங்களுள், தரங்கம்பாடியைப் போல அளவிற் சிறியதும், சரித்திரம் செறிந்ததும், சொற்பச் செலவில் நிதானமாகப் பார்க்கத் தக்கதுமானது வேறொன்று இல்லை என்பது என் அபிப்பிராயம். மயிலாடுதுறை வரையில் ரயிலில் வந்து, செம்பனார்கோயில், திருக்கடையூர் வழியாகச் செல்லும் பஸ்ஸில் ஏறினால், ஊர் முகப்புக்கே போய்ச் சேரலாம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரையில் 1926 முதல் ஓடிக்கொண்டிருந்த ரயில் 1986இல் நின்றுபோனது ஏழைப் பிரயாணிக்கு நேர்ந்த பெருநஷ்டமே. இரவு தங்க விரும்புவோர், கடலோரத்துப் பழைய பங்களா விடுதியின் வாடகையை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. சஷ்டியப்த பூர்த்திக்காகத் தம்பதியர் திரளும் திருக்கடையூரில், முகூர்த்த நாட்களை விலக்கிச் சென்றால், எளிய அறைகள் கிடைக்கும்.

1792இல் எழுந்த நகரவாயிலைக் கடந்து ராஜவீதியில் நடக்கத் தொடங்கினால் சில நிமிஷங்களில் சமுத்திரம் எதிர்ப்படுகிறது. இந்தச் சிறுமைக்குக் காரணம், இதனை ஸ்தாபித்த டேனிஷ்காரரின் வறுமை. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் அவர்களுக்கு இடமளித்து, டென்மார்க்கு மன்னருக்குப் பொன்னேட்டில் விடுத்த ஓலை கோபன்ஹேகனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பொன்னேட்டின் பொலிவு டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெட்டகத்தில் ஒருநாளும் காணப்படவில்லை. கப்பல்கள் கரையை அணுக இயலாத திறந்த கடல் இது. சரக்கு முழுவதும் அலைகளைக் கடந்து படகுகளிலேயே வந்து போயிற்று. கம்பெனி 1650இல் கலைந்தது. தாய்நாட்டிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கப்பலேனும் வராதிருக்க, கோட்டையில் மிஞ்சிய எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற மனிதர், உள்ளூர்வாசிகளின் துணையோடு, தஞ்சைப் படையின் நெருக்கடியையும் தாங்கி, 1669இல் 'பேரோ' என்னும் கப்பல் வந்து சேரும் வரையில் கொடியை இறக்காது காத்தார். வீரமென்று பேரரசுகளின் படையெடுப்புகளைப் புகழ்வோர் இந்தத் தனி மனிதரின் பொறுமையையும் நினைக்க வேண்டும்.

சிக்கனத்தின் முத்திரை பிற்காலத்து அச்சுத் தொழிலிலும் பதிந்தது. 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட முனைந்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பப்பெற்ற தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியனவாக இருந்து காகிதத்தை வீணாக விழுங்கின; ஆகையால் இவ்விடத்திலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. காகிதமும் தட்டுப்பட்டபோது, அருகிலுள்ள பொறையாற்றில் காகிதம் செய்யும் பட்டறை ஒன்றையே நிறுவினார்கள். பணமும் பொருளும் தாராளமாக இருந்திருந்தால் இத்தகைய யுக்திகள் பிறந்திருக்குமா என்பது ஐயமே. சீகன்பால்கு எழுப்பி 1718இல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயத்தினுள், மறு ஆண்டிலேயே மறைந்த அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தமிழ்ப் புஸ்தகம் ஒன்றைக் கையிலெடுத்துப் படிக்கும் எவரும் அங்கே சற்று நிற்பது தகும்.

டேனிஷ்காரர் 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டனர். பின்னர் 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் வர்த்தகம் அத்துறையை நாடிச் சென்றது. தரங்கம்பாடியைப் பெரிதாக்குவதற்கும், அதன் பழைய வீடுகளை இடித்து மாளிகை கட்டுவதற்கும் எவருக்கும் அவசியம் நேரவில்லை. ஆகவேதான், சிறு நுழைவுக் கட்டணம் செலுத்தி டேனிஷ் கோட்டையின் கிடங்குகளையும் மேல்தளத்து அறைகளையும் பார்ப்பவன், பிற ஊர்களில் நூல்களில் மட்டுமே எஞ்சிய ஒரு காலத்தை இங்கே கற்சுவர்களில் காண்கிறான்.

ஐரோப்பியர் கட்டியவற்றோடு திரும்பிவிடுவது பிழையாகும். கோட்டைக்கு அணித்தே கடலோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த அந்த ஆலயத்தின் பெரும்பகுதியை அலைகள் அரித்துக்கொண்டு போய்விட்டன. கப்பல்களுக்கு அஞ்சாத இக்கரை அலைக்கு மட்டும் தோற்றது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலையில் மீனவக் குடும்பங்கள் அனுபவித்த துயரமோ கல்லின் அழிவோடு ஒப்பிடத் தக்கதன்று. அக்குடும்பங்கள் இன்றும் அதே கரையிலிருந்து படகு செலுத்துகின்றன. காலையில் சென்றால், அவர்கள் கொண்டுவந்த மீன் கடற்கரையிலேயே விலைபேசப்படுவதைப் பார்க்கலாம்.