முடி வளர பி.பி மாத்திரையா? 'லோ டோஸ் மினாக்ஸிடில்' போடும் முன் இதைப் படிங்க!

"மச்சான், தடவுற லோஷன் எல்லாம் வேலைக்கு ஆகாது. இப்போ மாத்திரையே இருக்கு. தினமும் ஒண்ணு போட்டா போதும்!"

முடி கொட்டுது என்று நண்பர்கள் மத்தியில் வாயைத் திறந்தாலே, சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி எண்ணெய் வரிசையில் இப்போது இந்த அட்வைஸும் சேர்ந்து வருகிறது. மாத்திரையின் பெயர் மினாக்ஸிடில். தலையில் ஸ்ப்ரே செய்கிறோமே, அதே மருந்துதான். ஆனால், மாத்திரையாக இது முதலில் வந்தது முடிக்காக இல்லை, ரத்த அழுத்தத்துக்காக. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், எவ்வளவு போடலாம், யார் போடக்கூடாது, முடிக்குப் போனால் டாக்டர் ஏன் பி.பி பார்க்கிறார் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

அல்சருக்குத் தேடினார்கள், முடி முளைத்தது!

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் அப்ஜான் என்ற மருந்து கம்பெனி அல்சருக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தது. கையில் கிடைத்த ரசாயனம் அல்சரைக் குணமாக்கவில்லை. ஆனால், ரத்தக் குழாய்களை நன்றாக விரித்துவிட்டது. சரி, பி.பி-க்கு ஆகும் என்று ரூட்டை மாற்றினார்கள். அந்த வழியில் வந்ததுதான் மினாக்ஸிடில்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பி.பி இறங்கியது. கூடவே முகத்திலும் கை கால்களிலும் வேண்டாத இடத்தில் எல்லாம் முடி முளைத்தது. இதைக் கவனித்த சரும மருத்துவர் குன்டர் கான், 'இதையே கரைசலாக்கித் தலையில் தடவினால் என்ன?' என்று யோசித்தார். சக டாக்டரோடு சேர்ந்து தங்கள் மேலேயே தடவியும் பார்த்தார்.

1979-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, வேறு மருந்துகளுக்கு அடங்காத கடுமையான ரத்த அழுத்தத்துக்கு இந்த மாத்திரையை அனுமதித்தது. 1988-ல் 2 சதவிகித லோஷன், ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. அதன்பிறகு முடி விஷயத்தில் பல வருடங்களுக்கு லோஷன் ராஜ்ஜியம்தான்.

அப்புறம் ஏன் மறுபடி மாத்திரை?

லோஷனைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். முடி பிசுபிசு என்று ஒட்டும். சிலருக்கு அரிப்பு, பொடுகு மாதிரி செதில் உதிரும். தலைக்குக் குளித்து, காயவைத்து, தடவி, மறுபடி காயவைத்து... ஆறு மாதம் தாண்டுவதற்குள் பலர் பாட்டிலை மூலையில் வைத்துவிடுவார்கள்.

இன்னொரு காரணம் உடம்புக்குள்ளே இருக்கிறது. மினாக்ஸிடில் அப்படியே வேலை செய்யாது. உடம்பில் உள்ள ஒரு என்சைம் அதை மினாக்ஸிடில் சல்ஃபேட்டாக மாற்ற வேண்டும். தலைத்தோலில் இந்த என்சைம் சிலருக்கு நிறைய, சிலருக்குக் கம்மி. கம்மியாக இருப்பவர் வருடக்கணக்கில் தடவினாலும் 'ஒண்ணும் ஆகல ப்ரோ' என்றுதான் சொல்வார். மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த சரும மருத்துவர் ராட்னி சின்க்ளேர், 100 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை 2018-ல் வெளியிட்டார். கொடுத்தது வெறும் 0.25 மில்லிகிராம் மினாக்ஸிடில், கூடவே 25 மில்லிகிராம் ஸ்பைரனோலாக்டோன். முடி கொட்டுவது குறைந்தது, அடர்த்தி கூடியது. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுத, அமெரிக்காவில் இந்த மாத்திரையை எழுதிக்கொடுப்பது சட்டென்று அதிகமானது. அங்கிருந்து ரீல்ஸ், ரீல்ஸிலிருந்து உங்கள் நண்பர்.

ஆனாலும் முடிக்கென்று இந்த மாத்திரையை எஃப்.டி.ஏ அனுமதிக்கவில்லை. வந்திருக்கும் ஆய்வுகளையும் தன் அனுபவத்தையும் வைத்து டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். இதை 'ஆஃப் லேபிள்' என்பார்கள். தப்பான காரியம் இல்லை. ஆனால், உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு செய்ய ஒரு டாக்டர் நடுவில் இருந்தே ஆக வேண்டும்.

'லோ டோஸ்' என்றால் எவ்வளவு?

பி.பி-க்கு இதை நாளுக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். அந்த அளவில் இதயத் துடிப்பு எகிறலாம், உடம்பில் நீர் கோக்கலாம், இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள்ளேயே நீர் சேரலாம். அதனால்தான் பி.பி நோயாளிகளுக்கே இது கடைசி அஸ்திரம்.

முடிக்குக் கொடுப்பது அதில் சிறு பங்கு. பெண்களுக்குப் பெரும்பாலும் 0.25 முதல் 2.5 மில்லிகிராம், ஆண்களுக்கு 2.5 முதல் 5. குறைவாக ஆரம்பித்து, உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துக் கூட்டுவார்கள். மெடிக்கலில் 10 மில்லிகிராமும் கிடைக்கிறது. 'அரை மாத்திரைக்கே இவ்வளவுன்னா முழுசாப் போட்டா?' என்ற கணக்கு இங்கே செல்லாது. டோஸ் ஏற ஏற சைடு எஃபெக்ட்டும் ஏறும்.

முகத்திலும் முளைக்கும்!

2021-ல் வெளியான ஓர் ஆய்வில், லோ டோஸ் எடுத்த 1,404 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். அதிகம் தெரிந்த சைடு எஃபெக்ட், வேண்டாத இடத்தில் முடி. 15.1 சதவிகிதம் பேருக்கு! கிருதா, நெற்றி ஓரம், மேல் உதடு, கைகள். ஆண்கள் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தலைமுடிக்காகப் போய், த்ரெடிங், லேசர் என்று இன்னொரு செலவை இழுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். டோஸைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ மெல்லக் குறையும்.

அதே ஆய்வில் 1.7 சதவிகிதம் பேருக்குத் தலைசுற்றல், 1.3 சதவிகிதம் பேருக்கு நீர் கோத்தல், 0.9 சதவிகிதம் பேருக்குப் படபடப்பு. சைடு எஃபெக்ட்டால் மாத்திரையை விட்டவர்கள் 1.7 சதவிகிதம். கேட்க ஆறுதலான எண்கள்தான். ஆனால், இவர்கள் டாக்டர் பார்வையில் எடுத்தவர்கள், ஆன்லைனில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு பார்சலில் வாங்கியவர்கள் இல்லை.

செருப்பு திடீரென இறுக்குவது, காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், சில நாளில் கிடுகிடுவென எடை ஏறுவது, மூச்சு வாங்குவது, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருப்பது... இதில் எது வந்தாலும் அடுத்த டோஸைப் போடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

இந்த மருந்தின் வீரியத்துக்கு ஒரு சாட்சி. 2019-ல் ஸ்பெயினில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி வளர ஆரம்பித்தது. விசாரித்தால், நெஞ்செரிச்சலுக்கான ஓமிபிரசோல் சிரப்பில் மினாக்ஸிடில் மாறிப்போய்க் கலந்திருக்கிறது. சிரப்பை நிறுத்தியபின் முடியும் போனது.

யாருக்கு வேண்டாம்?

கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. இதய நோய், கிட்னி பிரச்னை, ஏற்கெனவே லோ பி.பி இருப்பவர்கள், வேறு பி.பி மாத்திரை எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். 'முடிக்குத்தானே வந்திருக்கோம், இதெல்லாம் எதுக்கு?' என்று மறைக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்களுக்குக் கொட்டுவது வழுக்கையால்தானா? டெங்கு, டைஃபாய்டு மாதிரி காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிரசவத்துக்குப் பிறகும் கிராஷ் டயட்டுக்குப் பிறகும் இதே கதைதான். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்பிவிடும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு என்றால் அதைச் சரிசெய்ய வேண்டும். முன்நெற்றி மேலே ஏறுவது, உச்சந்தலை தெரிவது, பெண்களுக்கு வகிடு அகலமாவது... இவை பரம்பரை வழுக்கையின் அடையாளங்கள். மினாக்ஸிடில் பெரும்பாலும் இவர்களுக்குத்தான். அங்கேயும் அது வழுக்கைக்குக் காரணமான டி.ஹெச்.டி ஹார்மோனைத் தொடுவதில்லை. முடியின் வளரும் பருவத்தை நீட்டிக்கிறது, அவ்வளவுதான். ஹார்மோனைக் குறைப்பது ஃபினாஸ்டரைடு. அது வேறு மருந்து, அதன் சைடு எஃபெக்ட்டும் வேறு.

லோஷனே போதுமா?

2024-ல் பிரேசிலிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. 90 ஆண்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 5 மில்லிகிராம் மாத்திரை, இன்னொன்றுக்கு 5 சதவிகித லோஷன் தினமும் 2 வேளை. 24 வாரம் கழித்துப் பார்த்தால், மாத்திரை லோஷனை ஜெயிக்கவில்லை. ஆக, லோஷன் ஒத்துக்கொண்டு, பலனும் தெரிகிறவர்கள் மாத்திரைக்குத் தாவ அவசரமே இல்லை. லோஷனோடு மல்லுக்கட்டி விட்டுவிட்டவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடி உதிர்ந்து, புது முடிக்கு வழிவிடும் கட்டம் இது. பயந்துபோய் நிறுத்துபவர்கள் இங்கேதான் அதிகம். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடி பொய் சொல்லும். மாத்திரையை நிறுத்தினால், சில மாதங்களில் முடி பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், இது ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு மறக்கிற சமாச்சாரம் இல்லை. 22 வயதில் ஆரம்பிப்பவர் இதையும் சேர்த்து யோசிக்கட்டும்.

பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனால், 'என்னென்ன மருந்து எடுக்கறீங்க?' என்று கேட்கும்போது இதையும் சொல்லுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மாத்திரையை எட்டாத உயரத்தில் வையுங்கள். உங்களுக்கு முடி மாத்திரையாக இருப்பது, ஒரு குழந்தை விழுங்கினால் பி.பி-யை அபாயகரமாக இறக்கிவிடும். லோஷன் பயன்படுத்துபவர்கள் வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை. தலையணையில் ஒட்டியதைப் பூனை நக்கினால்கூட அதன் உயிருக்கே ஆபத்து.